திருப்பிக் கொடுத்த பிறகும்

ஒற்றையாக நிற்கும் துணைக்காலைத் திரையில் எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தக் கடிதங்கள் நினைவுக்கு வந்துவிடும். தாங்கி நிற்க எழுத்து இல்லாத இடத்தில் கணினி ஒரு புள்ளி வட்டத்தை வரைந்து, அதன் பக்கத்தில் காலை நிறுத்தி வைக்கும். ஃபான்ட் கோளாறு என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். எங்களுக்கு வந்த முதல் புகாரும் ஃபான்ட் பார்க்கிறவர்களிடம்தான் போனது.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் அப்போது வேலை பார்த்தேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் தவணை நினைவூட்டல் கடிதங்களைத் தயாரித்து அச்சுக்கு அனுப்பும் சர்வர் எங்களுடையது. ஜாவாவில் எழுதியது. இரவு முழுக்க ஓடும். ஒரு கடிதத்தில் ‘அன்புள்ள ரவிாட்சிசுந்தரம்’ என்று அச்சாகியிருந்தது. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எழுத்துக் கணக்கை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் விஷயமே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

‘ரவி’ நம் கண்ணுக்கு இரண்டெழுத்து. யூனிகோடுக்கு மூன்று குறிகள்: ர, வ, இகரக் குறி. ‘மீனாட்சிசுந்தரம்’ என்பதன் முதல் மூன்று குறிகள் ம, ஈகாரக் குறி, ன. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக, முன்பு மீனாட்சிசுந்தரம் உட்கார்ந்திருந்த பஃபரில், அதாவது பெயரைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடத்தில், ரவி வந்து ஒன்பது பைட்களை மட்டும் மாற்றியிருக்கிறார். ‘னா’வில் இருந்த னகரம் போய்விட்டது, அதன் துணைக்கால் மட்டும் அநாதையாக நின்றது. பின்னால் ‘ட்சிசுந்தரம்’ அப்படியே.

காரணம் எளிதாகக் கிடைத்தது. பஃபர் ஒரு பூலிலிருந்து, அதாவது பொதுக் கையிருப்பிலிருந்து, வருகிறது. ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்குப் போகிறது. இடையில் யாரும் துடைப்பதில்லை. எத்தனை பைட் எழுதினோம் என்று பார்க்காமல் பஃபரின் முழு நீளத்தையும் கடைசி வெற்றிடம் வரை வாசித்த வரி ஒன்று இருந்தது. அதைத் திருத்தினார்கள். எழுதிய அளவுக்கு மட்டும் வாசிப்பு. வேலை முடிந்தது என்று எல்லோரும் அடுத்த வேலைக்குப் போனோம்.

பழசைத் துடைக்காமல் கொடுப்பது சோம்பேறித்தனம் என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்வது நியாயமில்லை. துடைப்பதற்கும் நேரம் ஆகும். நேரத்தை மிச்சப்படுத்தத்தான் பூலே பிறந்தது. டாட்நெட்டில் இன்று எல்லோரும் பயன்படுத்தும் அர்ரேபூலில்கூட, திருப்பிக் கொடுக்கும்போது துடைக்கவா என்ற கேள்விக்கு நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ‘வேண்டாம்’ என்றுதான் பொருள். ஆயிரம் பைட் கேட்டால் 1024 கொடுக்கும். அந்த மிச்சம் 24 பைட்டில் யாருடைய எதுவும் இருக்கலாம்.

பூல்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை ஞாபகம் வரும். கல்லூரி முடித்து வேலை தேடி வந்தபோது தங்கிய இடம். ஒருவர் காலி செய்த மாலையே அடுத்தவர் பெட்டியோடு வந்துவிடுவார். மேசை இழுப்பறையில் முந்தையவரின் மணியார்டர் ரசீதுகளும் ஊரிலிருந்து வந்த இன்லேண்ட் கடிதங்களும் கிடக்கும். அவற்றைப் படிக்காமல் எடுத்துக் கட்டி மேனேஜரிடம் கொடுப்பது அங்கே எழுதாத வழக்கம். அது பழைய மிச்சம். அதனால் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து வேறிடத்தில் இருந்தது. அறையைக் காலி செய்தவர் சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் போவார்; அவர் முன்பே பாரிமுனையில் அடித்து வைத்துக்கொண்ட இன்னொரு சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கும். மேனேஜரின் பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும். ஓர் அறை, ஒரு பெயர், ஒரு கையெழுத்து.

சில வாரம் கழித்து மறுபடியும் துணைக்கால் வந்தது.

அதே உருவம், அதே புள்ளி வட்டம். போன திருத்தம் சரியாக ஏறவில்லை என்று முடிவு கட்டி, சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் அழைப்போம். அவர் கடிதத்தைக் கையில் வாங்கி, பெயரைப் பார்க்காமல் பாலிசி எண்ணைப் பார்த்தார். “இது யாரோட பாலிசி?” என்று கேட்டார். தேடிப் பார்த்தோம். முதல் தடவை வந்த கடிதம் ரவியுடையது. இது மீனாட்சிசுந்தரத்துடையது.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ரவியின் கடிதத்தில் பழைய வால் ஒட்டியிருந்தால் அது துடைக்காத மிச்சம். மீனாட்சிசுந்தரத்தின் கடிதத்தில் முன்பக்கம் மட்டும் ரவியாகியிருந்தால், அவர் பெயர் முழுதாக, சரியாக எழுதப்பட்ட பிறகு, அச்சாவதற்குள் வேறொருவர் அதே இடத்தில் எழுதியிருக்கிறார். நீளம் சரியாகவே இருந்தது. மீனாட்சிசுந்தரத்தின் நீளத்துக்குத்தான் வாசித்திருந்தது. தாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது.

“பூல் த்ரெட் சேஃப்தான் அக்கா, நானே படிச்சுப் பார்த்தேன்” என்றான் எங்களில் ஒருவன்.

“பூல் சேஃப்தான்டா. வாங்கிட்டுப் போனவங்க என்ன பண்றாங்கன்னு பார்த்தியா?”

பூலின் எடுக்கும் வழி, கொடுக்கும் வழி இரண்டிலும் பூட்டு இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்கள், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் இரண்டு வேலைகள், வந்து நின்றாலும் ஒரே பஃபரை இருவருக்கும் கொடுக்காது. அந்த வாக்கை அது ஒரு தடவைகூட மீறவில்லை. நடந்தது வேறு. முதல் த்ரெட் பஃபரை வாங்கும், பெயரை எழுதும், அச்சு வரிசையில் போடும், கடைசி வரியில் பஃபரைப் பூலுக்குத் திருப்பிக் கொடுக்கும். வரிசையில் போட்டது பெயரை அல்ல, பஃபரின் முகவரியையும் நீளத்தையும். அச்சு த்ரெட் வேறு. அது தன் முறை வரும்போதுதான் வாசிக்கும். அதற்குள் இரண்டாவது த்ரெட் வந்து பூலில் கேட்டால், இப்போதுதான் உள்ளே வந்த அதே பஃபர் கைக்குக் கிடைக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பல பூல்கள் கடைசியில் வந்ததைத்தான் முதலில் கொடுக்கும். அது இன்னும் சிபியுவின் கேஷில் இருக்கும், தொட்டால் உடனே கிடைக்கும். வேகத்துக்காகச் செய்த அந்த ஏற்பாடு, இந்தப் பிழைக்கும் வழியைச் சுருக்கிவிடுகிறது. வந்த வரிசையிலேயே கொடுத்திருந்தால், அந்தப் பஃபர் மறுபடி வெளியே வருவதற்குள் அச்சு த்ரெட் பல முறை வாசித்து முடித்திருக்கும். பிழை இருந்தும் கண்ணில் பட்டிருக்காது.

எங்கள் மேசையில் ஓட்டிப் பார்த்தால் ஒருபோதும் வராது. என்ன நடக்கிறதென்று பார்க்க நடுவில் ஒரு லாக் வரி சேர்த்தால் சர்வரிலும் நின்றுவிடும். லாக் எழுதும் நேரத்துக்குள் அச்சு த்ரெட் வாசித்து முடித்துவிடும். லாக்கை எடுத்தால் திரும்ப வரும். த்ரெட் சம்பந்தப்பட்ட வேலையில் உள்ளவர்களுக்கு இந்த அனுபவம் பழக்கம்தான். பார்க்கிற செயலே பார்க்கப்படுவதன் வேகத்தை மாற்றுகிறது.

அக்கா லாக்கை நம்பவில்லை. பூலுக்குத் திரும்பும் ஒவ்வொரு பஃபரையும் ‘ழ’ எழுத்தால் நிரப்பச் சொன்னார். ஏன் ழ என்று கேட்டதற்கு, தொடர்ந்து இரண்டு ழ வரும் பெயர் எவருக்கும் இல்லை என்றார். அன்றிரவு சோதனைச் சர்வரில் ஓட்டினோம். காலையில் ‘அன்புள்ள ழழழழழ’ என்று கடிதங்கள் வந்திருந்தன. எந்தெந்த இடத்தில் திருப்பிக் கொடுத்த பிறகு வாசிக்கிறோம் என்பது ஒவ்வொரு தாளிலும் கொட்டை எழுத்தில் இருந்தது. இந்த உபாயத்தின் அழகை அப்போதுதான் உணர்ந்தேன். முன்பெல்லாம் பிழை கண்ணுக்குத் தெரிய இரண்டாவது த்ரெட் ஒன்று சரியான நொடியில் வந்து எழுத வேண்டும். இப்போது அப்படி யாரும் வரத் தேவையில்லை. தாமதமாக வாசித்தாலே போதும்.

லினக்ஸ் கர்னலிலும் இந்த வழக்கம் இருக்கிறது. சோதனைக்காக அந்த வசதியை இயக்கினால், விடுவித்த நினைவகத்தை 6பி என்ற பைட்டால் நிரப்பி வைக்கும். மைக்ரோசாஃப்டின் டீபக் நூலகம் டிடி என்ற பைட்டை வைக்கும். கிராஷ் ஆன ரிப்போர்ட்டில் வரிசையாக 6பி 6பி 6பி என்று பார்த்தால், பழகினவர்கள் அடுத்த வரியைப் படிக்கும் முன்பே, யாரோ விட்டுவிட்டுப் போன இடத்தை மறுபடி தொட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பூல் என்ற யோசனை புதிதல்ல. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் போன்விக் 1994இல் ஸ்லாப் அலகேட்டர் பற்றிய கட்டுரையை எழுதினார். பயன்படுத்தி முடித்த பொருளை உடைத்துப் போடாமல் அப்படியே வைத்திருந்து அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் அதன் மையம். 2001இல் ஜொனாதன் ஆடம்ஸுடன் சேர்ந்து அதை ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனிக் கையிருப்பாக விரித்தார். ஒரே பூட்டுக்கு முன்னால் எல்லாச் சிபியுவும் வரிசையில் நிற்க வேண்டாம். 2013இல் நெட்டி நூலகத்தின் 4ஆம் பதிப்பு வந்தபோது ஜாவா உலகத்திலும் இது பெரிதாகப் பேசப்பட்டது. ட்விட்டரில் குப்பை சேகரிப்பின் சுமை நன்றாகக் குறைந்ததாக எழுதினார்கள். 2014இல் கோ மொழியின் 1.3 பதிப்பில் சிங்க் பூல் சேர்ந்தது. எல்லாமே நல்ல வேலைப்பாடுகள். எடுப்பதும் கொடுப்பதும் எத்தனை த்ரெட் வந்தாலும் குலையாமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டைப் படித்தால் மரியாதை வரும். ஆனால் இவற்றில் எதனாலும், வாங்கினவர் கொடுத்துவிட்டுப் போன பிறகு முகவரியை மறந்துவிட்டாரா என்று பார்க்க முடியாது. ஜாவாவில், கோ மொழியில், ரூபியில் ஒரு பொருளின் முகவரியை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று பூலுக்குத் தெரிய வழியே இல்லை. திருப்பிக் கொடுத்தல் என்பது அங்கே ஒரு வாக்குறுதி மட்டும். பதிவேட்டில் கையெழுத்து விழுகிறது. சட்டைப் பையை யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

2021 மார்ச் 8 அன்று கிட்ஹப் தன் தளத்தில் நுழைந்திருந்த எல்லோரையும் ஒரேயடியாக வெளியேற்றியது. வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம். கடவுச்சொல்லைத் திரும்ப அடித்துவிட்டு வேலையைப் பார்த்தவர்கள் பலர். நான் அவர்கள் எழுதிய விளக்கத்தை உட்கார்ந்து வாசித்தேன், பிறகு அதன் விரிவான தொழில்நுட்பக் குறிப்பையும் வாசித்தேன். வாசிக்க வாசிக்க எங்கள் அச்சு வரிசை கண் முன்னால் வந்தது.

மார்ச் 2ஆம் தேதி ஒரு பயனர் புகார் சொல்லியிருக்கிறார்: தன் கணக்கில் வேலை செய்துகொண்டிருந்தவர், திடீரென்று இன்னொருவராக உள்ளே இருந்தார். அவர்களுடைய ரூபி சர்வரின் பெயர் யூனிகார்ன். ஒவ்வொரு கோரிக்கையின் விவரங்களையும் ஒரு ஹாஷில் வைக்கும். அந்த ஹாஷைக் கோரிக்கைக்கு ஒன்றாகப் புதிதாக உண்டாக்காமல், ஒரே ஹாஷை வைத்துக்கொண்டு, ஒரு கோரிக்கை முடிந்ததும் காலி செய்து அடுத்ததற்குப் பயன்படுத்தியது. யூனிகார்னின் ஒரு புராசஸ் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் பார்க்கும், ஒரே த்ரெட்டில். ஆகவே அது எத்தனையோ வருடம் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடியது. பிறகு வேகத்துக்காக ஒரு பின்னணி த்ரெட்டைச் சேர்த்தார்கள். அந்தப் பின்னணி த்ரெட்டின் கையில் அந்த ஹாஷின் முகவரி இருந்தது. அங்கே ஒரு பிழை எழுந்து, அதைப் பதிவு செய்ய கோரிக்கையின் விவரங்களைப் போய்ப் பார்க்கும்போது, ஹாஷ் காலியாகி அடுத்தவருடைய விவரங்களால் நிரம்பியிருக்கும். பல விஷயங்கள் சரியான வரிசையில் ஒன்றுகூடினால், ஒருவருடைய செஷன் குக்கி இன்னொருவருடைய பதிலில் ஏறிப் போய்விடும். உள்நுழைந்த செஷன்களில் 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று சொன்னார்கள்.

கிட்ஹப் யூனிகார்னுக்கே ஒரு திருத்தம் அனுப்பியது: ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய ஹாஷ். அவ்வளவுதான். அந்த ஹாஷை மறுபடி பயன்படுத்தியதால் மிச்சமான நேரம் எவ்வளவு சின்னது, அதற்காக எத்தனை பேர் தாங்கள் ஒப்புக்கொள்ளாத அபாயத்தில் நின்றார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறும். நடந்ததை ஒளிக்காமல் படிப்படியாக எழுதினார்களே, அதற்காக அவர்களை நன்றியோடு நினைக்கிறேன். இப்படிப்பட்ட குறிப்புகள் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை எங்கே போய்க் கற்கும்?

2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்குப் பிறருடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. அங்கே மறுபயன்பாட்டில் இருந்தது பஃபர் இல்லை, ரெடிஸ் சர்வருக்குப் போகும் இணைப்பு. கேள்வி அனுப்பிய பிறகு, பதில் வருவதற்குள் கோரிக்கை ரத்தானால், இணைப்பு பதிலைச் சுமந்தபடியே பூலுக்குத் திரும்பிவிடும். அடுத்து வாங்கியவர் அந்தப் பதிலைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வார். பெயர் வேறு, கதை அதே.

துணைக்காலுக்குத் திரும்புகிறேன். திருத்தம் முடிந்த பிறகும் ஒரு பெரிய வேலை பாக்கி இருந்தது: ஏற்கெனவே போன கடிதங்களில் எத்தனை தவறானவை? தமிழில் வரவே முடியாத சேர்க்கையைத் தேடினால் போதும் என்று ஒரு சின்ன நிரல் எழுதினார்கள். உயிர்க்குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறி வந்தால் பிடித்துக் கொடுக்கும். கொஞ்சம் கிடைத்தது. அக்காவுக்குத் திருப்தி இல்லை. ஒரு தாளை எடுத்து, மேல் வரியில் ‘மீனாட்சிசுந்தரம்’ என்று குறி குறியாகப் பிரித்து எழுதினார். கீழ் வரியில் ‘கமலா’ என்று எழுதினார்: க, ம, ல, துணைக்கால். நான்கு குறிகள். மேலே உள்ள நான்காவது குறியும் துணைக்கால்தான். மேல் வரியின் முதல் நான்கையும் அடித்துவிட்டுச் சேர்த்துப் படித்தார்.

கமலாட்சிசுந்தரம்.

பிழையே இல்லாத பெயர். எந்தக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்தாலும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். எங்கள் நிரலும் அதைப் பிடிக்காது. ஆகவே ஒவ்வொரு கடிதத்தின் பெயரையும் தரவுத்தளத்தில் உள்ள பெயரோடு பைட் பைட்டாக ஒப்பிட்டோம். அப்படி ஒப்பிட்டபோது, படிக்க நன்றாக இருந்த, ஆனால் உலகத்தில் இல்லாத மனிதர்களின் பெயர்கள் வந்தன.

அந்தச் சர்வரில் பெயர் மட்டும்தான் அந்தப் பூல் வழியாகப் போனது. தவணைத் தொகை வேறு வழியில், பழைய முறையில், ஒவ்வொன்றுக்கும் புதிதாக இடம் எடுத்துக்கொண்டு போனது. அதுவும் இந்த வழியில் போயிருந்தால்? எழுத்துக்குத் துணைக்கால் காட்டிக் கொடுக்கும். எண்ணுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எந்த இலக்கத்துக்குப் பின்னால் எந்த இலக்கம் வந்தாலும் அது ஒரு தொகைதான். யாரோ ஒருவர் அதைக் கட்டத்தான் செய்வார். மருத்துவமனை ஆய்வகத்தின் ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவு இப்படி மாறினால் யார் கண்டுபிடிப்பது? இந்த வேலையில் எனக்குத் தூக்கம் கெட்ட கேள்வி இது ஒன்றுதான்.

பூலிலிருந்து வாங்கியதை எப்போது, யார் திருப்பிக் கொடுப்பது என்பதற்கு ஒவ்வொரு மொழியும் நூலகமும் ஒவ்வொரு வழி கண்டிருக்கிறது. நெட்டியில் ஒவ்வொரு பஃபருக்கும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண் உண்டு. அது பூஜ்யமான பிறகு தொட்டால் எக்செப்ஷன் எறியும். ஒருவர் குறைக்க மறந்தால் பஃபர் கசியும், ஒரு தடவை அதிகமாகக் குறைத்தால் இன்னொருவர் கையில் இருப்பது பிடுங்கப்படும். ஒரே பஃபரை இரண்டு தடவை திருப்பிக் கொடுப்பதற்கு நான் மிகவும் அஞ்சுவேன். பூல் அதை இரண்டு பஃபர் என்று நம்பி இரண்டு பேருக்குக் கொடுக்கும். பிறகு அவர்கள் இருவரும் ஒழுங்காக நடந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. 2015இல் 1.0 ஆன ரஸ்ட் மொழி, கொடுத்த பிறகு தொடுகிற வரியைக் கம்பைலரிலேயே நிறுத்திவிடுகிறது. பொருளைக் கொடுத்தால் அது உன்னிடம் இல்லை. அந்தப் பிழைச் செய்தியை முதன்முதலில் பார்த்தபோது அக்காவுக்கு அனுப்பி வைத்தேன். “நல்லாருக்கு” என்று ஒரு வார்த்தைதான் பதில் வந்தது. அவர் அதிகம் பேசுபவர் இல்லை.

இப்போது என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன மாதம் கோ மொழியில் எழுதிய ஒன்றைக் காட்டினான். சிங்க் பூலிலிருந்து பஃபர் எடுத்து, ஜேசனை எழுதி, பைட்ஸ் என்று கேட்டு வாங்கியதை வேறொரு கோரூட்டினுக்கு, அதாவது கோ மொழியின் இலகுவான த்ரெட்டுக்கு, அனுப்பிவிட்டு, டிஃபரில் திருப்பிக் கொடுக்கிறான். “சிங்க் பூல் கன்கரன்ட்டா யூஸ் பண்ணலாம்னு டாக்குமென்ட்லயே இருக்குண்ணா.” இருக்கிறது, உண்மைதான். பைட்ஸ் என்று கேட்டால் நகல் வராது, பஃபரின் சொந்த இடமே வரும் என்பதும் பஃபரின் ஆவணத்தில் இருக்கிறது. ஸ்ட்ரிங் என்று கேட்டால்தான் நகல். நான் ஒன்றும் விளக்கவில்லை. ரேஸ் டிடெக்டரைப் போட்டு, சுமையோடு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அதைப் போட்டு ஓட்டினால் சிங்க் பூல் தன்னிடம் வருவதில் நான்கில் ஒன்று என்ற கணக்கில் தற்செயலாகத் தவறவிட்டுவிடும். அப்படித் தவறவிட்டும் அன்று மாலைக்குள் இரண்டு கோரூட்டின்களின் வரி எண்களும் திரையில் வந்துவிட்டன. எங்கள் காலத்தில் இதற்கு ஓரிரவும் ஒரு கட்டு தாளும் செலவாயின.

அவன் அடுத்த நாளே, பூல் இல்லாமலும் பூலோடும் அளந்து ஓர் அட்டவணை கொண்டுவந்தான். சின்ன ஜேசன்களுக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை. அங்கெல்லாம் பூலை எடுத்துவிட்டான். பெரிய படங்களைச் சுருக்கும் இடத்தில் மட்டும் அது நிஜமாகவே தேவைப்பட்டது. அங்கே திருப்பிக் கொடுக்கும் வரியை அனுப்புகிற பக்கத்திலிருந்து எடுத்து, எழுதி முடிக்கிற கோரூட்டினின் கடைசி வரியாக வைத்தான். சோதனையில் திரும்பும் பஃபரை எதால் நிரப்பலாம் என்று கேட்டான். ழ என்றேன். அது படமாயிற்றே, எழுத்து எதற்கு என்று யோசித்து, முழு பஃபரையும் பளீரென்ற ஒரே நிறத்தால் நிரப்பி ஓடவிட்டிருக்கிறான். இதுவரை அந்த நிறம் எந்தப் படத்திலும் வரவில்லை. சோதனையை இந்த வாரம் முழுக்க ஓடவிடச் சொல்லியிருக்கிறேன்.